கடகத்துக்குள் ஒரு குரல்

அருளம்பலம் மாமா எங்கள் அலுவலக மாடிப்படியில் ஏறி வந்த அந்தக் காலையில், முதலில் தெரிந்தது அவருடைய முகம் அல்ல, கணினிப் பெட்டி. பழைய சாரத் துணி ஒன்றால் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்ததை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலால் படியைத் தடவித் தடவி ஏறினார். வல்வெட்டித்துறையிலிருந்து நெல்லியடிக்கு வெயிலுக்குள் மிதித்து வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணி, அவர் மூச்சு வாங்க வாங்க உள்ளே போய் வெளியே வந்தது.

பெட்டியை என் மேசையில் வைத்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. தோள்பையிலிருந்து சின்னப் பிள்ளைகளின் சிலேட் ஒன்றை எடுத்து, வெண்கட்டியால் எழுதி எங்கள் பக்கம் திருப்பினார்.

"இஞ்சாரும் போட்டுது. எடுத்துத் தா."

எங்களோடு வேலை செய்த கஜன் எட்டிப் பார்த்து வாசித்தான். எங்கள் ஊர் ஆண்கள் மனைவியைக் கூப்பிடுவதே "இஞ்சாரும்" என்றுதான். அவனுக்குப் பகிடி வந்துவிட்டது.

"என்ன மாமா, மாமி கோவிச்சுக்கொண்டு போட்டாவோ?"

மாமா சிரிக்கவில்லை. கணினிப் பெட்டியைத் தொட்டார். பிறகு தன் தொண்டையைத் தொட்டார். எனக்கு விளங்கிவிட்டது.

இயந்திர அறைக் குரல்

மாமா என்று சொல்கிறேனே தவிர இரத்த உறவு இல்லை. அப்பாவின் சிநேகிதர். வெளிநாட்டுக் கப்பல்களில் இயந்திர அறையில் வேலை செய்து வயது போனபின் ஊரோடு வந்து இருந்தவர். அந்த அறைக்குள் சத்தம் போட்டுக் கதைத்தால்தான் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்குமாம். கரைக்கு வந்த பிறகும் அவருக்கு மெதுவாகக் கதைக்க வரவில்லை. வீட்டுக்குள் இருந்து தேத்தண்ணி கேட்டால் ஒழுங்கையின் மறுமுனையில் இருப்பவர்கள் "ஓம், ஊத்துறம்" என்று பகிடி பண்ணுவார்கள்.

பிள்ளைகள் இல்லை. அவரும் பூமணி மாமியும்தான். நாள் முழுக்க அவர் சத்தம் போடுவார், மாமி பதில் சொல்லாமல் வேலையைச் செய்வார். எனக்குச் சின்ன வயதில் அது சண்டை என்றே எண்ணம். பிறகுதான் தெரிந்தது, அது அவர்களுடைய கதை.

அப்படிப்பட்ட குரலில்தான் நோய் வந்து இருந்தது. தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தால் உயிர் தப்பும், பேச்சு போகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆசுப்பத்திரிக்குப் போக முதல் கிழமை மாமா என்னைக் கூப்பிட்டார். அவருடைய கணினியில் ஒலிவாங்கியைப் பூட்டிவிட்டு, "மாமா, கப்பல் அனுபவங்களைச் சொல்லுங்கோ, பதிஞ்சு வைப்பம்" என்றேன். படித்த பிள்ளையின் மூளை அப்படித்தான் போகும்.

"விசரே உனக்கு? உதுகளை ஆர் கேக்கிறது? வீட்டிலை கதைக்கிறதைப் பதி. எனக்குக் கதைக்கிறதுக்குத்தான் வேணும், காட்டுறதுக்கு இல்லை."

அப்படியே பதிந்தோம். "இஞ்சாரும்." "தேத்தண்ணி எங்கை?" "கறிக்கு உப்புக் காணாது." "குளிசை போட்டனீரே?" "லைற்றை நூரும்." "ஆர் வந்திருக்கினம்?" "சன்னதிக்குப் போவமே?" இப்படிப் பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்குக் கொடுத்தேன். விசையைத் தட்டினால் குரல் வரும். மாமி குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை.

ஒரு பிரதி எடுத்து என்னிடம் வைக்கட்டா என்று அன்றைக்கே கேட்டேன். இதை வாசிக்கும் கணினிக்காரர்கள் இந்த இடத்தில் என்னைத் திட்ட ஆயத்தமாகி இருப்பீர்கள் என்று தெரியும், அதற்காகச் சொல்கிறேன்.

"வேண்டாம். மனிசியோடை கதைக்கிற கதை ஊருக்குள்ளை ஏன் திரியவேணும்?"

நான் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

அழி என்றால் அழி

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் அலுவலகம் தெரிந்திருக்கும். கீழே புடைவைக் கடை, மேலே நாங்கள் நான்கு பேர். வெளிநாட்டில் இருந்து உறவினர்கள் அனுப்பும் பழைய கணினிகளிலும், பள்ளிக்கூடங்கள் ஒதுக்கிய கணினிகளிலும் ஓடக்கூடிய ஓர் இயங்குதளத்தைத் தமிழில் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். திறந்த மூலத்தில் கிடைத்ததை எடுத்து, வேண்டாததை வெட்டி, எங்கள் ஆட்களுக்கு ஏற்றமாதிரித் தைப்பது. தையற்காரர் வேலை என்றே சொல்லலாம். அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தோம். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் வெட்டியெறிந்தவற்றில் ஒன்று குப்பைக்கூடை. பெரிய இயங்குதளங்களில் ஒரு கோப்பை அழித்தால் அது உடனே அழியாது. ஒரு கூடைக்குள் போய் விழும், வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம். பழைய கணினிகளில் இடம் குறைவு, கூடைக்குள் கிடப்பதும் இடத்தைப் பிடிக்கும் என்று அதை எடுத்துவிட்டோம். அழி என்றால் அழி. கஜன் அதை எங்கள் கொள்கை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

அந்தக் கொள்கைதான் மாமாவின் கையில் வெடித்தது. பெரிய விரல்கள். "தேத்தண்ணி" கேட்கப் போய், எங்கேயோ தட்டி, வந்த கேள்விக்கு ஓம் என்று தட்டி, "இஞ்சாரும்" போய்விட்டது. திரும்பப் பதியக் குரல் இல்லை.

கஜனும் நானும் அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்து தேடினோம். அழித்த கோப்பின் உள்ளடக்கம் வட்டில் கொஞ்சக் காலம் கிடக்கும், அதன்மேல் வேறு ஏதும் எழுதப்படும் வரை. ஆனால் மாமா பயத்தில் அதன் பிறகு எல்லா விசையையும் மாறி மாறித் தட்டியிருக்கிறார், அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். எழுதப்பட்டுவிட்டது. கிடைத்தது வெறும் இரைச்சல்.

"ஏலாது மாமா" என்றேன்.

அவர் சிலேட்டைத் துடைத்து எழுதினார். "ஏன் ஏலாது? முந்தநாள் வரைக்கும் இருந்ததுதானே?"

இதற்குத் தொழில்நுட்பப் பதில் இருக்கிறது. அவர் கேட்டது அதை அல்ல.

அதற்குப் பிறகு மாமியைக் கூப்பிடுவதற்கு அவர் மேசையில் தட்டத் தொடங்கினார். இரண்டு தட்டு. மாமி வந்துவிடுவார். "முந்தி எண்டால் கேக்காத மாதிரி இருக்கலாம் பிள்ளை. இப்ப தட்டினவுடனை நெஞ்சு திக்கெண்டுது, ஓடி வாறன்" என்று மாமி எனக்குச் சொன்னார்.

பெயர் வைத்த கதை

அன்றைக்கே முடிவெடுத்தேன், அழித்ததை மீட்கும் வழி எங்கள் இயங்குதளத்தில் வந்தே ஆகவேண்டும். கஜன் கொள்கை பேசினான். மாமாவின் சிலேட்டை அவன் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கணினிக்கு முன்னால் போய் இருந்தான்.

கேட்பதற்குச் சின்ன வேலை. அழி என்றால் அழிக்காமல் ஓர் ஒளித்த இடத்துக்கு நகர்த்து, அவ்வளவுதானே என்று தோன்றும். அந்த "அவ்வளவுதானே"யில் எங்களுக்கு இரண்டு மாதம் போனது. எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்ப எங்கே வைப்பது? திரும்ப வைக்கப் போனால் அந்த அடைவையே அழித்திருப்பார்கள். அதே பெயரில் புதிதாக ஒன்று அங்கே குந்திக்கொண்டிருக்கும். பென்டிரைவில் அழித்ததைக் கணினிக்குள் வைத்தால், பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு போன மனிதர் அயலூரில் இருந்து ஏசுவார். எந்த நாள் அழித்தது என்றும் குறிக்கவேண்டும். பழைய கணினிகளில் மணிக்கூட்டு மின்கலம் செத்திருக்கும், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அவை பழைய காலத்துக்குப் போய்விடும்.

மாமாவின் கணினிக்கு மட்டும் நானே போய்ப் புது மின்கலம் போட்டேன். அதோடு, கனடாவில் இருந்து வந்த புது வகை வட்டு ஒன்றையும் பூட்டி, குரல்களை அதற்கு மாற்றி, பழைய வட்டை மாமாவின் சொற்படி முழுக்க அழித்தேன். வேகமானது. வேண்டாம் என்று சொன்ன இடத்தைத் தானே உடனே துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்வது. நாங்கள் கொடுத்த கணினிகளுக்குள் மிகத் திறமான கணினி அவருடையதுதான் என்று பெருமைப்பட்டேன்.

பெயர் வைப்பதில்தான் பெரிய பிரச்சினை. குப்பைக்கூடை என்று போட்டிருந்தேன். மாமா முதல் நாளே சிலேட்டில் எழுதினார்: "என்ரை குரல் குப்பையோ?" மீள்தொட்டி என்றோம், மாடு தண்ணி குடிக்கும் தொட்டி மாதிரி இருக்கிறது என்றார். கடைசியில் மாமிதான் குசினிக்குள் இருந்து தீர்த்து வைத்தார்.

"கடகம் எண்டு போடுங்கோவன். கடகத்துக்குள்ளை குப்பையும் அள்ளுறம், நெல்லும் அள்ளுறம். ஆர் என்ன குறை சொல்லப்போகினம்?"

கடகம் என்றே வைத்தோம். பனையோலைக் கடகத்தின் சின்னப் படம் ஒன்றைக் கஜன் கீறினான். ஊருக்குள் எங்கள் வேலையில் சனம் மனம் நிறைந்து பாராட்டியது இந்த ஒன்றைத்தான். கடிதம் தட்டச்சுச் செய்பவர்கள், கலியாண அட்டை அடிப்பவர்கள், பரீட்சை வினாத்தாள் செய்யும் வாத்திமார், எல்லோரும் எதையாவது அழித்துவிட்டுக் கடகத்துக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு காலம்?

கொஞ்சக் காலத்தில் கடகங்கள் நிரம்பி வழிந்தன. எங்கள் ஆட்களுக்கு ஒன்றை எறிய மனம் வராது, எறிந்ததை மறக்க மட்டும் வரும். ஒரு வாசிகசாலையில் கணினி மூச்சுவிட முடியாமல் நின்றேவிட்டது. பழையதைத் தானாகவே அகற்ற ஏற்பாடு வேண்டும் என்று வந்தது.

எத்தனை நாள் வைத்திருப்பது? கஜன் உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடி, முப்பது நாள் என்றான். நான் மாமாவிடம் கேட்டேன். எங்களுக்குப் பரிசோதனை எல்லாம் அவருடைய கணினியில்தான், எதையும் வந்து முதலில் அவருக்குக் காட்டுவது வழக்கமாகியிருந்தது.

சிலேட்டில் எழுதினார், துடைத்தார், எழுதினார். கப்பலில் ஒருவன் இறங்கிப் போகும்போது விட்டுச் சென்ற சாமானை அடுத்த துறைமுகம் வரை வைத்திருப்பார்களாம். அதற்குள் கேட்டு ஆள் வராவிட்டால் கடல்.

"ஒரு மாசம் காணும்" என்று முடித்தார்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. எல்லோரும் முப்பது, மாமாவும் முப்பது. எழுதினேன். கணினியை இயக்கும்போது, முதல் வேலையாக, முப்பது நாள் ஆனவற்றைக் கடகம் தானே கொட்டிவிடும். பயனருக்குத் தெரியவேண்டுமே என்று திரையின் மூலையில் ஒரு வரி வரும். அந்த வரியையும் நான்தான் எழுதினேன்: "பழையவை அகற்றப்பட்டன. இடம் கிடைத்தது!" உற்சாகமாக இருக்கட்டும் என்று ஆச்சரியக்குறி வேறு.

செத்தவீடு

நோய் திரும்ப வந்தது. இந்த முறை கதைக்க அதிகம் இல்லை. மாமா ஆசுப்பத்திரியிலேயே கண்ணை மூடினார். மறுநாள் வீட்டில் வைத்து எடுத்தார்கள்.

நான் போனபோது கூடத்தில் நிற்க இடமில்லை. பிரேதத்தைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். கணினி மேசை இடைஞ்சலாக நின்றதால் இரண்டு ஆண்கள் அதைத் தூக்கி விறாந்தைப் பக்கம் நகர்த்தினார்கள். கணினி அணைக்கப்பட்டிருக்கவில்லை. அந்த வீட்டில் அதை யாரும் அணைப்பதில்லை, மாமாவின் வாய் அல்லவா அது. தூக்கும்போது யாருடைய கையோ விசைப்பலகையில் ஊன்றியது.

"ஆர் வந்திருக்கினம்?"

இயந்திர அறைக் குரல். முழுச் சத்தத்தில். கூடத்தில் கிடந்தவரிடமிருந்தே வந்தது போல இருந்தது.

ஒரு கணம் அழுகை எல்லாம் நின்றது. பிறகு வந்த ஓலத்தை நான் அதற்கு முன் எந்தச் செத்தவீட்டிலும் கேட்டதில்லை. மாமி எழும்ப முயன்று, எழும்ப முடியாமல், "எல்லாரும் வந்திருக்கினமப்பா, எல்லாரும் வந்திருக்கினம்" என்று பிரேதத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். அப்படியே சரிந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் முதற் சொல், "அதை எடுத்துப்போடுங்கோ. எனக்குக் கேக்க ஏலாது" என்பதுதான்.

மாமியின் தமையன் இராசன் அண்ணை விறைத்துப்போய்க் கணினிக்கு முன்னால் நின்றார். வெறுமனே அணைத்தால் வேறு யாராவது போட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். மாமா செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். குரல்கள் இருந்த அடைவை அப்படியே அழித்தார். பிறகு மின்சாரத்தையும் பிடுங்கினார். என்னைக் கண்டதும் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நான் அழிக்கேல்லை. கடகத்துக்குள்ளைதான் போட்டனான். பேந்து எடுக்கலாம் என்ன?"

"ஓம் அண்ணை. பயப்பிடாதேங்கோ. பத்திரமா இருக்கும்."

அந்த நேரத்தில், அவ்வளவு துக்கத்துக்கு நடுவிலும், எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததை மறைக்கமாட்டேன். நாங்கள் செய்த வேலை இந்த ஒரு கணத்துக்காகத்தான் செய்யப்பட்டது என்று நினைத்தேன். முன்னைய மாதிரி இருந்திருந்தால் அந்த மனிதர் தன் மச்சானின் குரலை ஒரே தட்டில் கொன்றிருப்பார்.

மூடிக் கிடந்த மாதம்

எங்கள் பக்கத்தில் துக்க வீடு என்றால் ஒரு மாதம் வீடே நின்றுவிடும். நல்லது கெட்டது ஒன்றுமில்லை. கோயில் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, துடக்குத் தீட்டுக் கழிந்து, பிறகுதான் வீடு மூச்சுவிடும். மாமி வீட்டில் தொலைக்காட்சிக்கு மேல் ஒரு சீலை, கணினிக்கு மேல் ஒரு சீலை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போனபோது மாமிக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டேன். "மாமி, குரலை எடுத்துத் தரட்டே? சத்தத்தைக் குறைச்சு வைச்சுக் கேக்கலாம்."

அவர் சீலையால் மூடிய கணினியைப் பார்த்தார். பார்க்கும்போதே தலையை ஆட்டினார்.

"இப்ப வேண்டாம் பிள்ளை. முப்பத்தொண்டு முடியட்டும். எல்லாரும் போகட்டும். பேந்து நான் தனிய இருந்து ஆறுதலாக் கேக்கிறன். அவர் எங்கை போகப்போறார்?"

துக்க வீட்டில் யாரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. நானும் தலையை ஆட்டினேன். முப்பத்தொன்று என்ற சொல் என் காதில் விழுந்தது, வீட்டு வழக்கமாக விழுந்தது. முப்பது என்ற எண் என் மூளையில் இருந்தது, வேலையாக இருந்தது. இரண்டும் ஒரே தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. நான் அந்தியேட்டிகளில் சாப்பிட்டு வளர்ந்தவள். முப்பது என்பது துக்கத்துக்கு லீவு கொடுக்காத யாரோ அந்நியர்கள் வைத்த கணக்கு. அதை எங்கள் கடகத்துக்குள் கொண்டுவந்து தைத்தவள் நான்.

அந்த மாதம் முழுவதும் கணினி அணைந்தே கிடந்தது. அணைந்து கிடந்தவரை அதற்குள் குரல் இருந்தது. இதை நினைக்காமல் நித்திரை கொண்ட நாட்கள் குறைவு.

அடுத்த நாள் காலை

அந்தியேட்டிக்கு மறுநாள் காலையில் வரச் சொல்லியிருந்தார் மாமி. கணினியைத் தொட அவருக்குப் பயம். வீடு கழுவி ஈரம் காயாமல் இருந்தது. வந்த உறவெல்லாம் போய்விட்டது. மாமி குளித்துத் தோய்ந்து, தலைமயிரை விரித்துவிட்டு, கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். சீலையை மடித்து மடியில் வைத்திருந்தார்.

"போடு பிள்ளை."

நான்தான் பொத்தானை அமுக்கினேன். பனையோலைக் கடகத்தின் படம் வந்தது. மூலையில் அந்த வரி வந்தது. பழையவை அகற்றப்பட்டன. இடம் கிடைத்தது!

வாசித்த உடனே விளங்கிவிட்டது. இருந்தும் கடகத்தைத் திறந்தேன். திறந்து மூடித் திறந்தேன். மாமி அதைக் கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. முப்பது நாள், முப்பத்தொன்று, இயக்கினவுடன், தானாக. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப நேற்றுப் போட்டிருந்தால்?"

"இருந்திருக்கும் மாமி."

"எட்டுக்கு நீ கேட்டனீ. நான்தானே வேண்டாம் எண்டனான்."

"இல்லை மாமி. முப்பது எண்டு எழுதினது நான்."

"நீ எழுதினதோ, நான் சொன்னதோ..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. எனக்கு அடி விழுந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என் முதுகைத் தடவினார்.

அந்த வட்டை எடுத்துக்கொண்டு போய்க் கஜன் கிழமைக்கணக்கில் முயன்றான். வெளிநாட்டில் இருக்கும் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினான். நான் பெருமையோடு பூட்டிய அந்தத் திறமான வட்டு, தன் வேலையைத் திறமாகவே செய்திருந்தது. துடைத்த இடத்தில் இரைச்சல்கூட இல்லை, வெறுமை. பழைய மணிக்கூட்டு மின்கலத்தையாவது மாற்றாமல் விட்டிருந்தால், மின்சாரம் பிடுங்கிய கணினி பழைய காலத்துக்குப் போயிருக்கும், முப்பது நாள் ஆகியிருக்காது, குரல் தப்பியிருக்கும். கஜன் இதைச் சொல்ல வாயெடுத்து விழுங்கியதைக் கண்டேன். நான் அதை ஏற்கெனவே நினைத்து முடித்திருந்தேன்.

எங்கள் இயங்குதளத்தில் இப்போது கடகம் தானாகக் கொட்டாது. இடம் முட்டினால் கேட்கும். பதில் சொல்லாவிட்டால் காத்திருக்கும். அந்த ஆச்சரியக்குறி வரியை எடுத்துவிட்டோம். புது ஏற்பாடு நல்லாயிருக்கிறது என்று ஒருசிலர் எழுதினார்கள்.

விசைகள்

வட்டைத் திருப்பிப் பூட்டக் கொண்டுபோன நாளில்தான் இது நடந்தது. பூட்டி முடித்து எழும்பினேன். மாமி விசைப்பலகையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த விசைகளில் எது எது என்று மாமாவுக்கு அடையாளம் தெரியவேண்டும் என்று, முன்னொரு நாள் மாமி தன்னுடைய ஒட்டுப்பொட்டுகளை ஒவ்வொரு நிறமாக ஒட்டிக் கொடுத்திருந்தார். அவருடைய நெற்றி இப்போது வெறுமையாக இருந்தது. பொட்டுகள் விசைகளில் இருந்தன.

மாமி சிவப்பில் விரலை வைத்தார். சத்தம் ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரியும்.

"தேத்தண்ணி எங்கை?" என்றார். மாமாவைப் போலவே, கொஞ்சம் இழுத்து. பிறகு தன் குரலில், "பொறுங்கோ, தண்ணி கொதிக்கட்டும்."

மஞ்சள். "கறிக்கு உப்புக் காணாது." "போட்டிருக்கு. உங்கடை நாக்குத்தான் செத்துப்போச்சு."

நீலம். "குளிசை போட்டனீரே?" "ஓம். போட்டனான்."

ஒவ்வொன்றாகப் போனார். லைற், சன்னதி, கதவு. "ஆர் வந்திருக்கினம்" என்ற விசையைத் தொடாமல் தாண்டினார். நான் பக்கத்தில் நின்றபடி கேட்டேன். அந்த வீட்டில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பச்சைப் பொட்டு. விரலை வைத்தார். வாய் திறந்தது. மூடியது. நெற்றியைச் சுருக்கினார், யன்னலைப் பார்த்தார், திரும்பவும் விரலை வைத்து அழுத்தினார்.

"இதிலை என்ன சொன்னவர் பிள்ளை?"

என்னைத்தான் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்தானே. நீ எத்தினை தரம் இஞ்சை வந்து இருந்து செய்தனீ."

செய்தேன். கடகத்தைச் சோதிக்க அந்தக் கோப்பை எத்தனையோ தரம் அழித்து மீட்டிருக்கிறேன். எண்ணாக இருந்த பெயர் சரியா, அளவு சரியா, போன இடத்துக்கே திரும்பி வந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். பதிந்த நாளில் ஒரு தரம் காதில் விழுந்ததுதான், மனதில் தங்கவில்லை. பிறகு வேலை செய்யும்போது சத்தம் இடைஞ்சல் என்று ஒலிபெருக்கியை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

மாமி விரலை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது மாமி" என்றேன்.